கப்பலும் தேரையும்

சார், முன்னாடி வேண்டாமுங்க, பின்னாடி உக்காருங்க. சீட்டுக்கு ஒரு கொறையும் இல்லீங், பெல்ட்டும் நல்லாத்தான் இருக்குது. ஆனா பின்னாடியே உக்காந்துக்குங்க. பொள்ளாச்சி போய்ச் சேர ஒண்ணேகால் மணி நேரமாச்சும் ஆகும். அவ்வளவு நேரம் பக்கத்துல ஒரு ஆளு உக்காந்திருந்தா எனக்கு வண்டி ஓட்ட வராதுங்க. பேக்கை வேணும்னா முன்னாடி வைங்க. அது ஒண்ணும் கேள்வி கேக்காது.

ஏன்னு கேட்டா பெரிய கதைங்க. கேக்காட்டியும் சொல்லுவேன். இருவத்தாறு வருசம் வாயத் தொறக்காம வண்டி ஓட்டினவன் நானு. இப்ப மூணு வருசமா கால் டாக்ஸி ஓட்டறேன், ஏறுற ஆளுக்கெல்லாம் கதை சொல்றேன். அடக்கி வெச்சதெல்லாம் இப்பத்தான் வெளிய வருதாட்ட இருக்குது. தூக்கம் வந்தாத் தூங்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வர்றேன்.

என்ற பேரு கிட்டுசாமி. பம்ப்செட் பவுண்டரி வெச்சிருந்த துளசிராமன் அய்யா வூட்ல டிரைவரா இருந்தனுங்க. பெரியய்யான்னுதான் சொல்லுவோம். அவரு செத்து ஒரு வருசம்கூட முழுசா முடியல, அவரு கண்ணா வெச்சிருந்த வண்டிய அவரு பையன் வித்துப்போட்டான். அதுதானுங்க என்ற வயித்தெரிச்சல். அப்பனோட வண்டிங்க அது. எப்பிடிங்க மனசு வரும்? நெனச்சா இன்னைக்கும் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

வண்டின்னா அது வண்டிங்க. ஐம்பத்தேழாம் வருசத்து அமெரிக்கா வண்டி. கம்பெனி பேரெல்லாம் எதுக்கு, நாங்க கப்பல்னுதான் சொல்லுவோம். மூக்குல இருந்து வால் வரைக்கும் பதினேழு அடி. கியர் ஸ்டீரிங்லயே இருக்கும். பின் சீட்டுல மூணு பேரு கால நீட்டி உக்காரலாம், அதுக்கு மேல ஒரு கொழந்தையப் படுக்க வெக்கலாம். கதவச் சாத்தினா அரிசிப் பொட்டிய மூடறாப்பல டொப்புனு ஒரு சத்தம் வரும். ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. காலைல சோக்கை இழுத்துட்டுப் பத்து நிமிசம் உறும விடோணும், அவ்வளவுதான். பிரேக்கு ரெண்டு தடவ மிதிச்சா மூணாவது தடவ கண்டிப்பாப் பிடிக்கும். மழை வந்தா வைப்பர் பாதில நின்னுக்கும், கைய வெளிய விட்டுத் தள்ளிவுட்டாப் போதும். ஏத்தத்துல கொஞ்சம் சூடாகும், அதுக்கு ரெண்டு கேன் தண்ணி டிக்கில இருக்கும். மத்தபடி ஒரு கொறை சொல்லுங்க பாக்கலாம்?

பெரியய்யா பின் சீட்டுல இடது பக்கம் உக்காருவாரு. கையில ஒரு பிரம்பு. அதால என்ற சீட்டு முதுகுல ஒரு தட்டு தட்டினா வண்டிய எடுக்கோணும். ரெண்டு தட்டுன்னா நிறுத்தோணும். எங்க எடம்னு காலைல ஏறும்போதே சொல்லிருவாரு, அதோட சரி. இருவத்தாறு வருசமும் அவ்வளவுதானுங்க எங்க பேச்சு. என்னைய டிரைவர்னுதான் கூப்பிடுவாரு. பேரு தெரியுமோ தெரியாதோ. தெரிஞ்சிருக்கும்ங்க, அத்தனை வருசம் இருந்திருக்கறேன், தெரியாமயா இருக்கும்?

பேசினாத்தான் ஆளைத் தெரியும்னு இல்லைங்க சார். கண்ணாடி இருக்குதல்ல, உள்கண்ணாடி, அதுல எல்லாம் தெரியும். அவுங்க சம்சாரம் தவறிப்போன வருசம், பவுண்டரிக்குப் போற வழில தெனமும் அழுவாரு. சத்தமே வராது. பவுண்டரி கேட் வந்தா மொகத்தத் தொடச்சுட்டு எறங்கி உள்ள போயி நாலு பேரைத் திட்டுவாரு. அவரு அழுதது உலகத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். நான் என்ன பண்ணினேன்? கண்ணாடிய மேல பாத்துத் திருப்பி வெச்சுட்டேன். அதுதானுங்க மருவாதி. டிரைவர்னா கண்ணு ரோட்டுல, காது இஞ்சின்ல இருக்கோணும். பின் சீட்டுல நடக்கறது பின் சீட்டோட. இத எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல, நானாக் கத்துக்கிட்டேன்.

பையன் பேரு கௌசிக். ஒரே பையன். அம்மா போறப்ப பத்து வயசு. நல்ல பையன்தானுங்க, பொய் சொல்லக் கூடாது, என்னைய அண்ணான்னுதான் கூப்பிடும். ஆனா காலேஜ் முடிச்சதும் கார் ரேஸ் ஓட்டறேன்னு கெளம்பிருச்சு. பெரியய்யா பவுண்டரிக்கு வான்னாரு. தம்பி மாட்டேன்னுருச்சு. ஒரு நாள் போர்டிகோல வெச்சு ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். நான் கப்பல் பக்கத்துல நின்னுட்டு இருக்கறேன், எங்க போறது? ரேஸ் ஓட்டறதா இருந்தா என்ற மூஞ்சிலயே முழிக்காதேன்னு பெரியய்யா சொன்னாரு. தம்பி அன்னிக்கே பைய எடுத்துட்டு வேற வூடு பாத்துப் போயிருச்சு. அப்பறம் பத்து வருசம், நல்லது கெட்டதுல பாத்துக்குவாங்க, ஒரு வணக்கம், அவ்வளவுதான். பெரியய்யா சாவற அன்னிக்கித் தம்பி சென்னைல இருந்துச்சு. வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சுங்க.

சரி, செத்தது செத்தாரு. தம்பி ரேஸெல்லாம் எப்பவோ விட்டுப்போட்டு வேற தொழில் பாத்துட்டு இருந்துச்சு. இப்ப வூட்டுக்குத் திரும்பி வந்துச்சு, பவுண்டரியும் அது கைக்கு வந்துருச்சு. வந்த கையோட ஒரு புது வண்டி எறக்கிச்சு பாருங்க. இத்தாலி வண்டியாம். ஆரஞ்சுக் கலரு. தரையோட தரையா அழுந்திக் கெடக்கும், பொறந்ததுல இருந்து எந்திரிக்கவே இல்லைங்கற மாதிரி. நான் அதுக்குத் தேரைன்னு பேரு வெச்சேன். வெளிய சொல்லல, மனசுக்குள்ள.

தேரைக்குள்ள ஏறுறதுங்கறதே கெடையாதுங்க, எறங்கோணும். மொதல்ல பின்பக்கத்த உள்ள போட்டு, அப்பறம் ஒவ்வொரு காலா உள்ள இழுத்துக்கோணும். சாவி கெடையாது, பட்டன். அமுக்கினா ஊரே எந்திரிச்சுக்கும். சீட்டு வெலா எலும்ப ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சுக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்த மூணே முக்கா செகண்டுல தொட்ரும்னு தம்பி சொல்லுச்சு. தொட்டு? அவினாசி ரோட்டுல நாலாவது செகண்டு சிக்னல் வந்துரும். ஸ்பீடு பிரேக்கர்ல நேரா ஏற முடியாது, அடி தட்டும், கோணலா வெச்சுத் தாண்டோணும். சாணியத் தாண்டறதுக்குக்கூட யோசிக்கோணும். பிரேக்கு மட்டும் சொல்லோணும்ங்க. நெனச்சா நிக்குது. அத ஒத்துக்கறேன்.

எல்லாத்த விடக் கொடுமை என்ன தெரியும்ங்களா? அதுல பின் சீட்டே இல்லைங்க. மொத்தமே ரெண்டு சீட்டு, ஒட்டி ஒட்டி. உள்கண்ணாடில பாத்தா என்ன தெரியுது? இஞ்சின் தெரியுது. மொதலாளி உக்கார வேண்டிய எடத்துல இஞ்சினக் கொண்டாந்து வெச்சிருக்கறானுங்க. கேட்டா அதுதான் ரேஸ் வண்டி லட்சணமாம்.

அதுல என்னையக் கொண்டு போயி பக்கத்துல உக்கார வெக்கும்ங்க அந்தத் தம்பி. வாங்கண்ணா போலாம், வாங்கண்ணா போலாம்னு. நான் எதுக்குன்னே எனக்குப் புரியல. ஓட்டறதும் அதே, போறதும் அதே. என்ற மொழங்கை மொதலாளி மொழங்கைல இடிக்குதுங்க. கைய எங்க வெக்கறதுன்னு தெரியாம மடில கோத்து வெச்சுட்டு உக்காந்திருப்பேன், பொண்ணு பாக்க வந்த எடத்துல உக்கார்றாப்பல. சாப்டீங்களாண்ணாங்கும். பொண்ணு என்ன படிக்குதுண்ணாங்கும். சிப்ஸ் பாக்கெட்டப் பிரிச்சு நீட்டும். எடுத்தா அதிகப்பிரசங்கித்தனம், எடுக்காட்டி அவமருவாதி. என்ன கெரகம்ங்க இது? ஒரு நாள் லட்சுமி மில் சிக்னல்ல ஒரு பைக்குக்காரன் போட்டோ எடுத்துட்டு, சார் லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்னு என்னையப் பாத்துக் கேக்கறான். இவருதான் ஓனருன்னு தம்பி சொல்லிட்டுச் சிரிக்குது. எனக்குன்னா அப்பிடியே சீட்டுக்கடியில போயிரலாமான்னு இருந்துச்சு. பெரியய்யா காலத்துல இப்பிடி ஒரு நாள் உண்டா? அவரு எங்க, நான் எங்கன்னு ஊருக்கே தெரியும். தெளிவா இருந்துச்சு.

அப்பிடிப் போறப்பத்தான் ஒரு நாள் தம்பி தோளப் பிடிச்சு விட்டுட்டே சொல்லுச்சு. "இந்தத் தோள் எலும்பு ஒடஞ்சப்ப மூணு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேண்ணா. அப்பா வரவே இல்ல. மேனேஜர்கிட்டப் பழக்கூடை குடுத்து அனுப்பினார்." சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு. ஆனா கண்ணு ரோட்டுல இல்லைங்க, என்ற மேல இருக்குது. எண்பதுல போறோம். ரோட்டப் பாருங் தம்பின்னேன். வேற என்னங்க சொல்றது? அது ரோட்டப் பாத்துச்சு. அப்பறம் வூடு வர்ற வரைக்கும் பேசல. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

இந்தக் கிணத்துக்கடவு பாலத்து மேல எப்பவும் காத்துத்தான் பாருங்க, கண்ணாடிய எறக்கி விடட்டுமா? சரி, வேண்டாம்.

தம்பிக்குக் கல்யாணம் முடிவாச்சு. வூட்ட இடிச்சுக் கட்டறதா பேச்சு. கார் ஷெட்டு ரெண்டு வண்டிக்குத்தான், ஒண்ணு வர்ற பொண்ணுக்கு. அப்ப கப்பலா தேரையா? நாலு பேரு நாலு சொன்னாங்க. தம்பி என்னையக் கூப்பிட்டு, ஞாயித்துக்கிழமை ரெண்டு வண்டியையும் ஆனைகட்டி ரோட்டுல ஓட்டிப் பாக்கலாம், மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்துட்டு எத வெச்சுக்கறதுன்னு நீங்களும் சொல்லுங்க, நானும் சொல்றேன்னுச்சு. பாத்தீங்களா நியாயத்த? செத்துப்போன மனுசனோட வண்டிக்குப் பரீட்சை வெக்கறாங்க. எனக்கு நெஞ்சே பத்திருச்சு. ஆனாலும் உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு. ஓட்டிப் பாத்தா விடுவானா, கப்பல் அருமை தெரியாமயா போயிரும்? மூணு நாளு நான் வூட்டுக்கே போகலைங்க. பிளக்கு மாத்தினேன். ரேடியேட்டரக் கழுவினேன். சீட்டு ரெக்சினுக்குத் தேங்கா எண்ணெ தடவித் தொடச்சேன். சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு வடைமாலைகூட வேண்டிக்கிட்டேன். கப்பல் நின்னா நானும் நிப்பேன். கப்பல் போச்சுன்னா அந்த வூட்ல எனக்கு என்னங்க வேலை?

ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்குக் கெளம்பினோம். நான் கப்பல்ல, தம்பி தேரைல. தடாகம் தாண்டறதுக்குள்ள தேரை கண்ணுக்கே தெரியல. நான் என்ற வேகத்துல போறேன், நாப்பது, நாப்பத்தஞ்சு. ஒவ்வொரு ஊர்லயும் டீக்கடைல இருக்கறவன் எந்திரிச்சு நின்னு பாக்கறான். ஒரு பெரியவரு கையெடுத்துக் கும்பிட்டாருங்க, எந்த மந்திரி வர்றாருன்னு நெனச்சாரோ. செங்கச்சூளைகிட்டப் பாத்தா தேரை நடு ரோட்டுல நிக்குது. முன்னாடி புதுசாப் போட்ட ஸ்பீடு பிரேக்கர், மொழங்கால் ஒசரம். கோணலா வெச்சாலும் ஏறாது, நேரா வெச்சாலும் ஏறாது. ரெண்டு சூளைக்காரங்க பலகை கொண்டாந்து போட்டு, தம்பி எறங்கிக் குனிஞ்சு குனிஞ்சு பாத்து, இன்ச் இன்ச்சா ஏத்துச்சு. நான் கப்பல்ல அப்பிடியே அலுங்காமத் தாண்டிப் போனேன். சிரிக்கலைங்க. சிரிச்சிருந்தா நெஞ்சு வலி வந்திருக்காது, அடக்கித்தான் வந்துச்சு.

அப்பறம் ஏத்தம். கப்பல் ரெண்டு எடத்துல நின்னுச்சு, ஒத்துக்கறேன். புகை வந்துச்சு. தண்ணி ஊத்தினேன். அதென்ன பெரிய குத்தமா? தாகம் எடுத்தா மனுசன் நிக்கறதில்லையா? மூணாவதும் ஒரு தடவ நின்னுச்சு, அது கணக்குல சேராது, ஆடு குறுக்க வந்துச்சு.

மேல போயி டீக் குடிச்சுட்டு மாத்திக்கிட்டோம். தேரைய ஓட்டுங்கண்ணான்னு என்னையத் தள்ளி உக்கார வெச்சுது. தம்பியப் பக்கத்துல வெச்சுட்டு ரெண்டு கிலோமீட்டர் போயிட்டுத் திரும்பி வந்தேன். என்ன சொல்றது சார், நெனச்ச எடத்துக்குப் போகுது, நெனச்சப்ப நிக்குது. வளைவுல ரோட்டுல ஒட்டினாப்பல திரும்புது. உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஜிவ்வுனு ஆயிருச்சு. எறங்கினதும் எப்பிடிண்ணா இருக்குதுன்னுச்சு. பரவால்லீங் தம்பின்னேன். பின்ன, பொய் சொல்றதா?

அடுத்தது தம்பி கப்பல ஓட்டுச்சு. ரெண்டாவது கியர் விழாம, கிரீச்சு கிரீச்சுன்னு இழுத்து, ஸ்டீரிங்க ஒரு கையால திருப்பப் பாத்து முடியாம ரெண்டு கையும் போட்டு, கொழந்தையாட்டச் சிரிக்குது. இத எப்பிடிண்ணா இத்தன வருசம் ஓட்டினீங்கன்னு கேட்டுச்சு. எனக்குச் சந்தோசம். சரி, கப்பல் பொழச்சுதுன்னு நெனச்சேன். நெசமா நெனச்சனுங்க.

அப்பறம் தம்பி வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்குச்சு. தேரையக் காட்டிலாகா செக்போஸ்ட்டுல இருந்த தெரிஞ்ச ஆளுகிட்டப் பாத்துக்கச் சொல்லுச்சு. பின் கதவத் தொறந்து, பின்னாடி, இடது பக்கம், பெரியய்யா உக்கார்ற எடத்துல போயி உக்காந்துச்சு. நீங்க ஓட்டுங்கண்ணான்னுச்சு. எனக்கு அந்த நிமிசம் எப்பிடி இருந்துச்சு தெரியும்ங்களா? ஒரு வருசமாத் தப்புத் தப்பா இருந்த ஒலகம் சரியா வந்து உக்காந்தாப்பல இருந்துச்சு. தொப்பியச் சரி பண்ணிட்டு, கண்ணாடியத் திருப்பி வெச்சுட்டு வண்டிய எடுத்தேன். எறக்கத்துல கப்பல் மெதக்கும்ங்க, சத்தமே வராது. கண்ணாடில தம்பி மொகம். அப்பா ஜாடை. சித்த நேரம் வெளிய பாத்துட்டு வந்துச்சு. சீட்டத் தடவிப் பாத்துச்சு.

"அப்பா இங்க உக்காந்து என்ன பண்ணுவார்ணா?"

பேப்பர் படிப்பாருங்ன்னேன்.

"என்னையப் பத்தி... ஒரு வார்த்தையாவது உண்டாண்ணா?"

"ஒண்ணும் இல்லீங் தம்பி."

அவ்வளவுதான் பேச்சு. நெசம்தானுங்க? அவரு ஒரு வார்த்தை பேசல. இருவத்தாறு வருசத்துல என்ற கிட்டப் பையனப் பத்தி அரை வார்த்தை பேசினதில்ல. கேட்டதுக்கு உள்ளதச் சொன்னேன். தம்பி சரிண்ணான்னுச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. நான் மருவாதியாக் கண்ணாடிய மேல திருப்பி வெச்சுட்டு வண்டிய ஓட்டினேன். வூடு வர்ற வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. அருமையான ஓட்டம்ங்க அது. நெசமாச் சொல்றேன், பெரியய்யா போனதுக்கப்பறம் நான் நிம்மதியா வண்டி ஓட்டின ஒரே நாள் அதுதான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பெங்களூருல இருந்து ஒருத்தன் லாரி கொண்டாந்துட்டான். பழைய வண்டி வாங்கிச் சேத்து வெக்கற ஆளாம். கப்பலக் கம்பி கட்டி, விஞ்ச்சு போட்டு மேல இழுத்தாங்க. இஞ்சின ஸ்டார்ட் பண்ணக்கூட என்னையக் கூப்பிடல. தம்பி மாடில நின்னுச்சு, கீழ எறங்கி வரல. நான் மேல போயி, இது நியாயமா தம்பின்னு கேட்டேன். இருவத்தாறு வருசத்துல மொதல் தடவையா மொதலாளி வூட்டு மாடிப்படி ஏறிக் கேட்டேன். "அதுல எனக்கு ஒண்ணும் இல்லண்ணா, நீங்கதான சொன்னீங்க" அப்பிடிங்குது. நான் எப்ப விக்கச் சொன்னேன்? பாருங்க, பழிய என்ற மேல தூக்கிப் போடற சாமர்த்தியத்த. பவுண்டரில வேற வேலை குடுக்கறேன், இருங்கண்ணான்னுச்சு. வேண்டாமுங் தம்பின்னு சொல்லிட்டு, தொப்பியக் கழட்டி மேசை மேல வெச்சுட்டு வந்துட்டேன். ரோசம் இருக்குதுங்களே.

அதுல ஒண்ணும் இல்லையாம். கேக்கறப்பவே பத்திட்டு வருது. அந்தக் கப்பல்ல என்ன இருந்துச்சுன்னு இவனுக்கு என்னங்க தெரியும்? உங்ககிட்டச் சொல்றேன் கேளுங்க, அது எப்பேர்ப்பட்ட வண்டின்னு.

தம்பி ரேஸ் ஓட்ட ஆரம்பிச்ச வருசம். ஒரு ஞாயித்துக்கிழமை பெரியய்யா பேப்பரோட வந்து ஏறினாரு. எடம் சொல்லல. பிரம்ப நீட்டி இக்கட்டால, அக்கட்டாலன்னு காட்டிட்டே வர்றாரு. டவுனத் தாண்டி, தென்னந்தோப்பத் தாண்டி, ஒரு மேட்டு மேல ஒத்தை வேப்ப மரத்தடில ரெண்டு தட்டு. நிறுத்தினேன். கீழ பாத்தா ரேஸ் நடக்கற எடம்ங்க. வேலிக்கு வெளிய இருந்து பாத்தா ஒரே ஒரு வளைவு தெரியும். சித்த நேரத்துல வண்டிங்க சர்ரு சர்ருன்னு போகுது. சீட்டு முதுகுல ஒரு தட்டு. கெளம்பச் சொல்றாருன்னு நான் இஞ்சின ஸ்டார்ட் பண்ணினேன். ஆஃப் பண்ணுன்னாரு. பண்ணினேன். இன்னும் சித்த நேரம் கழிச்சு மறுபடி ஒரு தட்டு. மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். ஆஃப் பண்ணுடான்னாரு. மூணாவது தட்டுலதான் எனக்கு வெளங்குச்சு. நீலக் கலர் வண்டி ஒண்ணு அந்த வளைவத் தாண்டறப்பெல்லாம் தட்டறாரு. தம்பியோட வண்டி. தட்டினது என்னைய இல்லைங்க, அவுங்க பையன் ஒரு சுத்து நல்லபடியா வந்துட்டான்னு அவருக்கு அவரே தட்டிக்கறாரு. முடியறதுக்கு முன்னாடியே கெளம்பிருவோம், யாரும் பாத்துருவாங்கன்னு. அந்த வருசம், அடுத்த வருசம், ரேஸ் நடந்த ஒரு நாள் தப்பலைங்க.

ஒரு நாள் ஏழு தட்டு ஆச்சு, எட்டாவது வரல. மத்த வண்டியெல்லாம் வருது, நீல வண்டி வரல. கண்ணாடில பாக்கறேன், தூக்கின பிரம்பு அப்பிடியே நிக்குது. அப்பறம் எல்லா வண்டியும் நின்னுபோச்சு. ஆம்புலன்ஸ் சத்தம். சீட்டு முதுகுல அடிக்கறாரு பாருங்க, தட்டறதில்லை, அடி. நான் கப்பல அந்த மேட்டுல இருந்து எப்பிடி எறக்கினேன்னு எனக்கே தெரியாது. ஆம்புலன்ஸ் பின்னாடியே போனேன். கப்பல் அன்னிக்கு நூறுல போச்சுங்க. எந்தத் தேரையும் பக்கத்துல வந்திருக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்பல ரோட்டோரமா நிறுத்தச் சொன்னாரு. எறங்கல. நீ போயிப் பாத்துட்டு வான்னாரு. நான் உள்ள போயி யாரோ மாதிரி விசாரிச்சேன். தோள் எலும்புதான், உசுருக்கு ஒண்ணும் இல்லைன்னாங்க. வந்து சொன்னேன். ரெண்டு கையாலயும் மொகத்த மூடிக்கிட்டாரு. போலாங்களான்னேன். இருன்னாரு. பொழுது சாயற வரைக்கும் அங்கயேதான். அடுத்த நாளும் வந்தோம். மூணாவது நாளும் வந்தோம். தம்பி கைல கட்டோட வெளிய நடந்து வந்து ஆட்டோ ஏறின வரைக்கும் பாத்துட்டு, அப்பறம்தான் ஒரு தட்டு தட்டினாரு.

இப்பச் சொல்லுங்க. அந்த வண்டிய விக்கலாமுங்களா? அந்தப் பின் சீட்டு அவரு யாருக்காக உக்காந்திருந்த சீட்டு?

என்னங்க சார் கேட்டீங்க?

தம்பிகிட்ட இதச் சொன்னனான்னா? எதுக்குங்க சொல்லோணும்? பின் சீட்டுல நடந்தது பின் சீட்டோட. மனுசன் நம்பி உக்காந்த எடம்ங்க அது. உங்ககிட்ட மட்டும் சொல்றனேன்னா, நீங்க யாரோ எவரோ, பொள்ளாச்சில எறங்கிப் போயிருவீங்க.

பெரியய்யா சொல்ல வேண்டாம்னு சொன்னாரான்னு கேக்கறீங்களா? இருங்க, நெனச்சுப் பாத்துச் சொல்றேன். சொல்லிருப்பாருங்க. அவரு எங்க சொன்னாரு, அவருதான் பேசவே மாட்டாரே. சொல்லுன்னும் சொல்லல. வேண்டாம்னும் சொல்லலைங்க. நானாத்தான்...

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. எந்தப் பக்கம்ங்க? இங்கயேவா, சரி.

தம்பிக்குப் போன் போட்டா என்னவா? இப்பவா? வண்டி ஓட்டறப்ப போன் பேசக் கூடாதுங்க சார். நின்னாச்சு, தெரியுது, நின்னாச்சு. நெம்பர் இருக்குதுங்க. பொங்கலுக்குப் பொங்கல் தம்பியே கூப்பிடும். போன வாரம்கூட ரெண்டு தடவ கூப்பிட்டுது, கொழந்தை பொறந்திருக்குதாம், வூட்ல சொன்னாங்க. நான் எடுக்கலைங்க. வண்டிய வித்த கோவத்துல எடுக்கலைன்னு எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன். கோவம் இருக்குதுங்க, இல்லைங்கல. ஆனா எடுத்தா அது மறுக்காவும் அப்பாவப் பத்திக் கேக்கும்ங்க, எனக்குத் தெரியும். அந்த மொகத்தக் கண்ணாடில பாத்துட்டே ஒண்ணும் இல்லீங் தம்பின்னு சொன்ன வாய்ங்க இது. இதே வாயால உண்டுங் தம்பின்னு இனி எப்பிடிங்க சார் சொல்றது?